வண்டல், தேரி மணல், கோதுமைப் பால்: துகள் கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரிலும் காற்றிலும் போகிற சின்னத் துகள்களைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது பற்றி நெல்லைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். கேட்பவர்களில் சிவிலும் மெக்கானிக்கலும் அதிகம், அபிஷேகப்பட்டிப் பக்கமிருந்து இயற்பியல் படிக்கிறவர்களும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் "தாமிரபரணி வண்டல்" என்று தலைப்பு வைக்காத ப்ராஜெக்டே இல்லை என்று ஆகிவிட்டது, அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான். பள்ளிக்கூட இயற்பியலும் கொஞ்சம் புரோகிராம் எழுதிய பழக்கமும் இருந்தால் படிக்கலாம்.

அண்ணாச்சி, இதுக்கு எந்த சாஃப்ட்வேர் போடணும்?

முதல் கேள்வியே இதுவாகத்தான் வரும். நான் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்பேன்: துகள் எவ்வளவு பெரியது? போவது தண்ணீரிலா காற்றிலா? ஒரு லிட்டரில் எவ்வளவு துகள் கிடக்கிறது? இதைச் சொல்லிவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி கணக்குப் போடலாம், அந்த நாலு வரி போட்டவர்களில் பாதிப் பேருக்குப் பெரிய சாஃப்ட்வேரே வேண்டியிருக்காது, மீதிப் பேருக்கு எது வேண்டும் என்று தானே தெரிந்துவிடும். கணக்குப் போடாமல் சாஃப்ட்வேரை இறக்கினால் அதில் இருக்கிற எல்லா விசைகளையும் டிக் அடித்துவிட்டு, லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடி, காலையில் கலர் கலராக ஒரு படம் வரும். அது சரியா தப்பா என்று கேட்டால் பதில் இருக்காது. சாஃப்ட்வேர் பெயர்களைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த நாலு வரி என்ன?

ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் கொடுத்த விதியில் தொடங்குங்கள். மெதுவாகப் போகிற ஒரு உருண்டையைத் திரவம் பிடித்து நிறுத்தப் பார்க்கும் விசை: 6 × பை × பாகுநிலை × ஆரம் × வேகம். உருண்டையின் எடையில் மிதப்பு விசையைக் கழித்துவிட்டு இதோடு சமன் செய்தால் விழும் வேகம் வந்துவிடும். அதாவது துகளுக்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் × புவியீர்ப்பு முடுக்கம் × விட்டத்தின் வர்க்கம், மொத்தத்தையும் 18 × பாகுநிலையால் வகுக்க வேண்டும்.

எண் போட்டுப் பார்ப்போம். வண்டலில் கிடக்கிற குவார்ட்ஸ் துகளின் அடர்த்தி கன மீட்டருக்கு 2650 கிலோ. நம்ம ஊர் தண்ணீரை 30 டிகிரி என்று வைத்தால் பாகுநிலை 0.0008 பாஸ்கல் செகண்ட். (பாடப்புத்தகத்தில் 20 டிகிரிக்கான 0.001 இருக்கும், அதை அப்படியே போட்டால் விழும் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.) துகளின் விட்டம் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் விழும் வேகம் செகண்டுக்கு 0.11 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டரை மணி நேரம். விட்டம் 1 மைக்ரான் என்றால் அதே ஒரு மீட்டருக்குப் பத்து நாள். விட்டம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறு மடங்கு. வெள்ளம் வடிந்து பல நாள் கழித்தும் குளத்துத் தண்ணீர் ஏன் கலங்கலாகவே கிடக்கிறது என்பதற்குப் பதில் இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது வரி, துகளின் எதிர்வினை நேரம். ஓட்டம் திடீரென்று மாறினால் துகள் எவ்வளவு நேரத்தில் அதைப் பின்பற்றும் என்பது. துகளின் அடர்த்தி × விட்டத்தின் வர்க்கம், வகுத்தல் 18 × பாகுநிலை. நம்ம 10 மைக்ரான் வண்டலுக்கு இது 18 மைக்ரோ செகண்ட். மூன்றாவது வரி ரெனால்ட்ஸ் எண்: நீரின் அடர்த்தி × துகளின் சார்பு வேகம் × விட்டம், வகுத்தல் பாகுநிலை. இது ஒன்றுக்கு ரொம்பக் கீழே இருந்தால்தான் முதல் வரி செல்லும். நாலாவது, ஓட்டத்திலேயே இருக்கிற மிகச் சிறிய சுழலின் நேர அளவு. எதிர்வினை நேரத்தை இதால் வகுத்தால் வருவது ஸ்டோக்ஸ் எண். இந்தப் பக்கத்தில் இருக்கிற பதில்களில் பாதி இந்த ஒரு எண்ணைச் சுற்றியே வரும்.

ஸ்டோக்ஸ் விதி எந்த அளவு துகள் வரைக்கும் செல்லும்?

நீரில் விழும் மணலுக்கு, சுமார் 60, 70 மைக்ரான் வரை தைரியமாகப் போடலாம். 100 மைக்ரானுக்கு ஸ்டோக்ஸ் செகண்டுக்கு 11 மில்லிமீட்டர் என்கிறது, ரெனால்ட்ஸ் எண் அங்கே ஒன்றைத் தாண்டுகிறது, திருத்தம் போட்டால் 9.6 மில்லிமீட்டர். இந்த வித்தியாசத்தோடு வாழலாம். 1 மில்லிமீட்டர் மணலுக்கு ஸ்டோக்ஸ் செகண்டுக்கு 1.1 மீட்டர் என்று சொல்லும், உண்மையில் 16, 17 சென்டிமீட்டர்தான் போகும். இது வாழக்கூடிய வித்தியாசம் இல்லை.

திருத்தம் எளிது: ஸ்டோக்ஸ் இழுவையை (1 + 0.15 × ரெனால்ட்ஸ் எண்ணின் 0.687 அடுக்கு) என்பதால் பெருக்குங்கள். ஷில்லர், நௌமான் இருவர் பெயரில் இருக்கிற சூத்திரம், ரெனால்ட்ஸ் எண் சுமார் 800, 1000 வரைக்கும் எல்லோரும் போடுவது. வேகம் தெரிந்தால்தான் ரெனால்ட்ஸ் எண் தெரியும், ரெனால்ட்ஸ் எண் தெரிந்தால்தான் வேகம் தெரியும் என்பதால் ஒரு நாலைந்து சுற்று திரும்பத் திரும்பப் போட வேண்டும். அவ்வளவுதான்.

புத்தகத்தில் துகள் சமன்பாடு ஒரு பக்கத்துக்கு நீளமாக இருக்கிறதே, எல்லா உறுப்பையும் போடணுமா?

நீங்கள் பார்த்தது மாக்ஸி, ரைலி இருவரும் 1983இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த வடிவமாக இருக்கும். அதில் இழுவை, எடை, மிதப்பு தவிர மூன்று சங்கதி உண்டு. ஒன்று, துகள் இல்லாதிருந்தால் அந்த இடத்து நீர் எப்படி முடுக்கப்பட்டிருக்குமோ அந்த விசை. இரண்டு, கூடுதல் நிறை: துகள் வேகம் மாற்றும்போது தன்னைச் சுற்றியுள்ள நீரையும் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், அது இடம்பெயர்த்த நீரின் நிறையில் பாதி அதன் தலையில் ஏறுகிறது. மூன்று, பாசெட் விசை: துகள் இதுவரை எப்படியெல்லாம் வேகம் மாற்றியதோ அந்த முழு வரலாற்றையும் சேர்த்துக் கூட்டுவது. கணினிக்குப் பெரிய தலைவலி இதுதான், ஏனென்றால் ஒவ்வொரு துகளுக்கும் பழைய வேகங்களை எல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

போடணுமா வேண்டாமா என்பதை முதலில் அடர்த்தி விகிதம் சொல்லும். காற்றில் மணல் என்றால் துகள் காற்றைப் போல 2000 மடங்குக்கு மேல் கனம், இந்த மூன்றையும் யோசிக்காமல் தூக்கிப் போடலாம், இழுவையும் எடையும் மட்டும் போதும். நீரில் மணல் என்றால் விகிதம் 2.65தான், அதனால் கூடுதல் நிறையை அப்படி விட முடியாது என்று புத்தகம் சொல்லும். சரிதான். ஆனால் அங்கே ஸ்டோக்ஸ் எண்ணையும் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழமும் 4000க்கு 1 சரிவும் உள்ள வாய்க்கால் ஒன்றை வைத்துக்கொண்டால் அதன் நடு ஆழத்தில் மிகச் சிறிய சுழலின் நேரம் செகண்டில் நூற்றில் நாலு, ஐந்து பங்கு வரும். நம்ம 10 மைக்ரான் வண்டலின் எதிர்வினை நேரம் 18 மைக்ரோ செகண்ட். ஸ்டோக்ஸ் எண் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. துகள் கண் மூடித் திறக்கும் முன்பே நீரோடு ஒத்துப்போய்விடுகிறது, அப்புறம் முடுக்கம் சம்பந்தமான எந்த உறுப்பும் ஒன்றும் செய்யப்போவதில்லை. துகளின் வேகம் = அந்த இடத்து நீரின் வேகம் + கீழ்நோக்கி விழும் வேகம். சமன்பாடு முழுக்க இவ்வளவுதான்! வண்டல் ப்ராஜெக்ட் செய்கிறவர்களில் நிறையப் பேருக்கு இதைச் சொன்னால் ஏமாற்றமாக இருக்கிறது, ஒரு பக்கச் சமன்பாடு ரிப்போர்ட்டில் கனமாகத் தெரியும் என்பதால் இருக்கலாம்.

நீரில் காற்றுக் குமிழி என்றால் கதை தலைகீழ். குமிழிக்கு சொந்த நிறை கிட்டத்தட்ட இல்லை, கூடுதல் நிறைதான் எல்லாம். அதை விட்டால் முடுக்கம் அபத்தமாக வரும்.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டு எண்கள் எல்லாம் இன்ஃபினிட்டிக்குப் போய்விடுகிறது, ஏன்?

காலப்படி, அதாவது கணினி ஒரு தடவையில் முன்னே தாவும் நேரம், பெரிதாகிவிட்டது. இப்போதைய வேகத்தையும் விசையையும் வைத்து அடுத்த படிக்கு நேராகத் தாவும் சாதாரண ஆய்லர் முறையில் படியின் அளவு எதிர்வினை நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால், இழுவை விசை துகளை நீரின் வேகத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதில் அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் தள்ளும், அடுத்த படியில் இன்னும் அதிகமாக இந்தப் பக்கம், அப்படியே பெருகி வெடிக்கும். 18 மைக்ரோ செகண்டுக்குக் கட்டுப்பட்டுப் படி வைத்தால் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒவ்வொரு துகளுக்கும் இருபது கோடிப் படி. நடக்கிற காரியம் இல்லை.

வழி இரண்டு. ஸ்டோக்ஸ் எண் மிகக் குறைவு என்றால் முந்தைய பதிலில் சொன்னபடி முடுக்கத்தையே விட்டுவிடுங்கள், பிரச்சினை வேரோடு போய்விடும். முடுக்கம் வேண்டும் என்றால் ஒரு படிக்குள் நீரின் வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு இழுவைச் சமன்பாட்டைக் கையாலேயே தீர்த்து, வருகிற அடுக்குக்குறிச் சார்பை நேரடியாகப் போடுங்கள்: ஒரு படி முடிவில் சார்பு வேகத்தில் exp(−படி அளவு ÷ எதிர்வினை நேரம்) என்ற பங்கு மட்டும் மிச்சமிருக்கும். படி எவ்வளவு பெரிதானாலும் வெடிக்காது. ஆனால் வெடிக்கவில்லை என்பதால் விடை சரி என்று ஆகாது, ஒரு படியில் துகள் ஒரு கட்டத்தை (ஓட்டத்தைக் கணிக்க இடத்தைப் பிரித்து வைத்த சின்னப் பெட்டி) தாண்டிப் பறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போதும் உண்டு.

தேரி மணலுக்கும் இதே புரோகிராம் ஓடுமா?

தேரி என்பது திசையன்விளை, சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடுகள். 1986க்கு முன்னால் எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா, அதனால் இதையும் நம்ம கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். ஆடி மாதம் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அங்கே மணலைக் கிளப்பும்.

புரோகிராம் ஓடும், கேள்வியே வேறு. 0.2 மில்லிமீட்டர் மணல் காற்றில் விழும் வேகம், ஷில்லர்-நௌமான் திருத்தத்தோடு, செகண்டுக்கு ஒன்றரை மீட்டர். தரையை ஒட்டிய காற்றில் மேலும் கீழுமாக வரும் குலுக்கல் வேகம் பலத்த காற்றிலும் அரை மீட்டர் அளவுதான். அப்படியானால் இந்த மணல் காற்றில் மிதக்கவே முடியாது. அது கொஞ்சம் எழும்பி, முன்னால் போய் விழுந்து, விழுகிற இடத்தில் மற்ற மணலைத் தெறிக்க வைத்து, அப்படித் துள்ளித் துள்ளித்தான் நகரும். ரால்ஃப் பாக்னால்டு 1930களில் எகிப்து, லிபியப் பாலைவனங்களை வைத்து இந்தத் துள்ளலை அலசியிருக்கிறார். இங்கே உங்கள் விடையைத் தீர்மானிப்பது தரையில் மோதும்போது என்ன ஆகிறது என்ற விதி, காற்றின் கொந்தளிப்பை எவ்வளவு நுணுக்கமாகக் கணித்தாலும் பெரிய லாபம் இல்லை.

அதே காற்றில் 10 மைக்ரான் தூசி செகண்டுக்கு 8 மில்லிமீட்டர்தான் விழும், அது மேலேயே நிற்கும், வீட்டுக்குள் வரும், மூக்குக்குள் போகும். அதற்கு நடுவே 30 மைக்ரான் துகள் ஒரு சுவாரசியமான ஆள். எதிர்வினை நேரம் 7 மில்லி செகண்ட், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மிகச் சிறிய சுழலின் நேரம் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட், ஸ்டோக்ஸ் எண் ஒன்றை ஒட்டி வருகிறது. இப்படிப்பட்ட துகள் சுழலோடு முழுசாகச் சுற்றவும் முடியாமல், கண்டுகொள்ளாமல் நேரே போகவும் முடியாமல், சுழலின் மையத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, சுழல்களுக்கு இடையில் கொத்துக் கொத்தாகச் சேரும். சீராகத் தூவிவிட்ட துகள் ஓடவிட்ட சற்று நேரத்தில் நரம்பு நரம்பாகப் பிரிந்து நிற்பதைத் திரையில் பார்த்தால் புரோகிராமில் பிழை என்று நினைக்க வேண்டாம், அது உண்மையான இயற்பியல். வண்டலுக்கு இது வராது. 10 மைக்ரான் வண்டல் சுழலுக்கு வெளியே சேர்கிறது என்று உங்கள் கணினி காட்டினால் அதுதான் பிழை.

எல்லாத் துகளும் ஒரே கோட்டில் போகிறது, கலையவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் பார்த்த வரையில் பிள்ளைகளின் பிழையில் பெரும்பங்கு துகளின் சமன்பாட்டில் இருப்பதில்லை, துகளுக்குக் கொடுக்கிற நீரின் வேகத்தில் இருக்கிறது. கொந்தளிப்பு உள்ள ஓட்டத்தைச் சராசரி எடுத்துத் தீர்க்கும் முறையில் உங்களுக்குக் கிடைப்பது சராசரி வேகம் மட்டும். அதில் விட்ட துகள் ரயில் தண்டவாளத்தில் போவது மாதிரிப் போகத்தான் செய்யும். ஆற்றில் குலுக்கல் இருக்கிறது, உங்கள் வேகத்தில் இல்லை. அதனால் குலுக்கலைத் தனியாக, தற்செயல் எண்களை வைத்துச் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. நீரின் நடுவே குலுக்கலால் வரும் பரவல் அதிகம், தரையை ஒட்டிக் குறைவு. இடத்துக்கு இடம் மாறும் பரவல் அளவை வைத்து வெறும் தற்செயல் எண் மட்டும் போட்டால், பரவல் அதிகமுள்ள இடத்திலிருந்து துகள் வெளியேறிக்கொண்டே இருக்கும், பரவல் குறைந்த இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும், எடையே இல்லாத துகள்கூட அடியில் போய்ச் சேரும். "வண்டல் படிகிறது" என்று அதைப் படம் போட்டு ரிப்போர்ட்டில் வைத்தவர்கள் உண்டு. பரவல் அளவு உயரத்தோடு எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அந்தச் சரிவை ஒரு கூடுதல் வேகமாகச் சேர்த்தால் இது சரியாகும். சரியாகிவிட்டதா என்று பார்க்க, விழும் வேகத்தைப் பூஜ்யமாக்கி, துகள்களை ஆழம் முழுக்கச் சீராகத் தூவி ஓடவிடுங்கள். எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தாலும் சீராகவே இருக்க வேண்டும். டி. ஜே. தாம்சன் 1987இல் வளிமண்டலத் துகள்களுக்காக வைத்த நிபந்தனை இது, வாய்க்காலுக்கும் அப்படியே பொருந்தும். இந்தச் சோதனையைப் போடாத எந்தப் படத்தையும் நான் நம்புவதில்லை.

இன்னொன்று. வேகம் கட்டத்தின் மூலைகளில் தெரியும், துகள் நடுவில் எங்கோ இருக்கும். பக்கத்து மூலையின் வேகத்தை அப்படியே எடுத்தால் துகள் படிக்கட்டில் இறங்குவது போல் போகும், எட்டு மூலைகளையும் தூரத்துக்கு ஏற்பக் கலந்து எடுங்கள். சுவரை ஒட்டிய கட்டத்தில் வேகம் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் துகள் கரையைத் துளைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடும்.

ஆற்றில் இருக்கிற எல்லாத் துகளையும் கணினியில் போட முடியுமா?

ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் வண்டல் என்று வைத்து, எல்லாம் 10 மைக்ரான் என்று கொண்டால், அந்த ஒரு லிட்டரில் மட்டும் 72 கோடித் துகள். மருதூர் அணைக்கட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதனால் ஒரு கணினித் துகள் பல கோடி நிஜத் துகள்களுக்குப் பிரதிநிதி என்று வைத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் செறிவில் வரும் சிதறல் துகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம்: ஒரு கட்டத்தில் 100 துகள் இருந்தால் பத்து சதவீதம், 10,000 இருந்தால் ஒரு சதவீதம். ஒரு கட்டத்துக்கு மூன்று, நாலு துகளை வைத்துக்கொண்டு செறிவு வரைபடம் போடக் கூடாது.

துகள் நீரைத் திருப்பித் தள்ளுமா என்பதும் இங்கேயே தீர்மானமாகும். நீரின் கன அளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே துகள் இருந்தால் நீருக்கு அது இருப்பதே தெரியாது. ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதையும் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன ஒரு கிராம் வண்டல் பத்தாயிரத்தில் நாலு பங்கு, இரண்டுக்கும் நடுவே. நீரைத் திருப்பித் தள்ளுவதைச் சேர்க்கலாம், மோதலை விட்டுவிடலாம், ஆனால் அடித்தளத்தை ஒட்டி செறிவு ஏறும் இடத்தில் இந்தக் கணக்கு மாறும்.

பிரௌனியன் இயக்கத்தைச் சேர்க்கணுமா?

நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடிப்பதால் சின்னத் துகள் தள்ளாடும், இதற்கான கணக்கை ஐன்ஸ்டைன் 1905இல் கொடுத்தார், ழான் பெரேன் சோதனையில் அளந்து காட்டி 1926இல் நோபல் வாங்கினார். 1 மைக்ரான் குவார்ட்ஸ் துகளை எடுங்கள். ஒரு செகண்டில் அது விழுவது 1.1 மைக்ரான், தள்ளாடுவதும் ஏறத்தாழ 1 மைக்ரான். இரண்டும் சமம் போலத் தெரியும். ஆனால் விழுவது நேரத்தோடு நேராக வளரும், தள்ளாட்டம் நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் வளரும், அதனால் ஒரு மணி நேரத்தில் விழுந்தது 4 மில்லிமீட்டர், தள்ளாடியது 63 மைக்ரான். வாய்க்கால் வண்டலுக்கு விட்டுவிடுங்கள். ஒரு மைக்ரானுக்குக் கீழே, நுண்ணோக்கி அளவில் வேலை என்றால் கட்டாயம் வேண்டும்.

புரோகிராமில் எழுதும்போது ஒவ்வொரு படியிலும் போடும் தற்செயல் நகர்வு, 2 × பரவல் எண் (துகள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற அளவு) × காலப்படி என்பதன் வர்க்கமூலம், அதைச் சராசரி பூஜ்யமும் பரவற்படி ஒன்றும் உள்ள தற்செயல் எண்ணால் பெருக்குங்கள். வர்க்கமூலம் போடாமல் காலப்படியால் மட்டும் பெருக்கினால், படியைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தள்ளாட்டமே மறைந்துபோகும். படியைப் பாதியாக்கியும் சராசரி வர்க்க நகர்வு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அல்வாக்கு எடுக்கிற கோதுமைப் பாலும் இதே கணக்குத்தானா?

நெல்லைக்காரன் எழுதுகிற பக்கத்தில் அல்வா வராமல் போகுமா என்று கேட்டவர்கள் விளையாட்டாகத்தான் கேட்டார்கள், ஆனால் கேள்வி உருப்படியானது. ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பிழிந்த பாலை அப்படியே வைத்திருந்து, மேலே தெளிகிற தண்ணீரை இறுத்துவிடுவார்கள். கோதுமை மாவுச்சத்து இரண்டு அளவில் வரும், பெரிய மணி சுமார் 20 மைக்ரான், சின்ன மணி 10க்குக் கீழே. அடர்த்தியை 1500 என்று வைத்து 30 சென்டிமீட்டர் ஆழப் பாத்திரத்துக்குப் போட்டால் பெரிய மணி 40 நிமிடத்துக்குள் அடியில் இருக்கும், 5 மைக்ரான் மணிக்குப் பத்து மணி நேரம் ஆகும். ராத்திரி முழுக்க வைக்கிற வழக்கத்தோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

ஆனால் இது தனி ஒரு துகள் பரந்த நீரில் விழும் கணக்கு. பால் கெட்டியானது. ஒரு துகள் கீழே போக அது இடம்பெயர்த்த நீர் மேலே வந்தாக வேண்டும், அந்த மேல்நோக்கிய நீர் பக்கத்துத் துகள்களைத் தடுக்கும். ரிச்சர்ட்சன், ஸாக்கி இருவரும் 1954இல் சோதனையிலிருந்து கொடுத்த விதிப்படி, மெதுவாக விழும் சின்னத் துகளுக்கு, நீருக்கு மிச்சமுள்ள கன அளவுப் பங்கை 4.65 அடுக்குக்கு உயர்த்தி வேகத்தைப் பெருக்க வேண்டும். துகள் பத்து சதவீதம் இருந்தால் வேகம் 61 சதவீதமாகக் குறையும், இருபது சதவீதம் என்றால் 35 சதவீதம். ஒவ்வொரு துகளும் மற்ற துகளை நீர் வழியாகத் தள்ளுவதை நேரடியாகக் கணிக்க வேண்டும் என்றால் ஸ்டோக்ஸியன் டைனமிக்ஸ், லாட்டிஸ் போல்ட்ஸ்மான் மாதிரி முறைகள் இருக்கின்றன. அவை ஆராய்ச்சிக்காரர்களுக்கு, கல்லூரி ப்ராஜெக்டுக்கு அந்த 4.65 போதும்.

புன்னைக்காயல் முகத்துவாரத்துக்குப் போட்ட கணக்கு அளவீட்டோடு ஒத்துவரவே இல்லை. ஏன்?

உங்கள் துகளின் விட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, நீங்கள் மாறாது என்று வைத்திருக்கிறீர்கள். களிமண் துகள்களின் மேற்பரப்பில் மின்னூட்டம் உண்டு, நல்ல தண்ணீரில் அவை ஒன்றையொன்று விலக்கும். ஆற்று நீர் கடல் நீரோடு கலக்கும் இடத்தில் உப்பு அந்த விலக்கத்தை மறைத்துவிடும், மோதுகிற துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளாகும். திரள் பெரிது, வேகமாக விழும். அதே நேரம் அதற்குள் நீர் நிறைய இருப்பதால் அடர்த்தி குறைவு, கொந்தளிப்பு கூடினால் உடைந்தும் போகும். இதற்குச் சுத்தமான ஒரு சூத்திரம் கிடையாது, திரளும் வேகம், உடையும் வேகம் இரண்டையும் அளவீட்டிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். அளவீடு இல்லாமல் முகத்துவாரத்தைத் தலைப்பாக எடுக்காதீர்கள், சேரன்மகாதேவிக்கு மேலே கன்னடியன் கால்வாயில் ஏதாவது ஒரு மடையை எடுங்கள், நிம்மதியாக முடிக்கலாம்.

விடை சரி என்று எப்படிக் காட்டுவது?

ஓடாத நீரில் ஒரு துகளை விட்டு ஸ்டோக்ஸ் வேகம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் வட்டமாகச் சுற்றும் ஓட்டத்தில் எடையற்ற துகளை விடுங்கள், பத்துச் சுற்றுக்குப் பிறகும் அதே வட்டத்தில் நிற்க வேண்டும், வெளியே போனால் காலப்படி முறை மோசம் (ஆய்லர் முறை கட்டாயம் போகும்). அப்புறம் முன்னால் சொன்ன சீராகத் தூவும் சோதனை. வாய்க்கால் என்றால் இன்னொன்று உண்டு: ஹன்டர் ரௌஸ் 1937இல் கொடுத்த ஆழவாரிச் செறிவு விதி. விழும் வேகத்தை 0.4 × தரை உராய்வு வேகத்தால் (தரை நீரை இழுத்துப் பிடிக்கும் பலத்தை ஒரு வேகமாக மாற்றிச் சொல்வது) வகுத்தால் வரும் எண்தான் அதில் முக்கியம். முன்னால் சொன்ன ஒரு மீட்டர் ஆழ வாய்க்காலில் உராய்வு வேகம் செகண்டுக்கு 5 சென்டிமீட்டர், 10 மைக்ரான் வண்டலுக்கு அந்த எண் 0.006, மேலும் கீழும் செறிவு ஒன்றாகவே இருக்கும். 0.2 மில்லிமீட்டர் மணலுக்கு 1.4, பெரும்பகுதி அடியை ஒட்டியே கிடக்கும். உங்கள் புரோகிராம் இந்த இரண்டையும் காட்ட வேண்டும்.

சோதனைச்சாலையில் செய்ய வேண்டியதும் உண்டு, சிவில் பிள்ளைகள் கையிலேயே வைத்துக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். மண் ஆய்வில் ஹைட்ரோமீட்டர் போட்டு மணி அளவு கண்டுபிடிக்கிறீர்களே, ஐ.எஸ். 2720 நாலாம் பகுதி, அது முழுக்க முழுக்க ஸ்டோக்ஸ் விதிதான். குளத்துக் கரம்பையை ஜாடியில் கலக்கி அந்தச் சோதனையைப் போடுங்கள், வருகிற மணி அளவுப் பட்டியலைக் கணினிக்குக் கொடுங்கள். "சராசரி விட்டம் 10 மைக்ரான்" என்று ஒற்றை எண்ணைப் போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் விழும் வேகம் விட்டத்தின் வர்க்கம், சராசரி விட்டத்தின் வேகமும் வேகங்களின் சராசரியும் ஒன்றாக இருக்காது.

சரி, இப்பவாவது சாஃப்ட்வேர் பேரைச் சொல்லுங்க. லேப்டாப் போதுமா?

வண்டலுக்கு, முடுக்கத்தை விட்டுவிட்ட சமன்பாட்டோடு, பைத்தானும் அதில் அரே கணக்குப் போடும் நம்பை (NumPy) நூலகமும் போதும். துகள் ஒவ்வொன்றுக்கும் லூப் எழுதாதீர்கள், எல்லாத் துகளின் இடத்தையும் ஒரே அரேயாக வைத்து ஒரே வரியில் நகர்த்துங்கள், பத்து லட்சம் துகள் சாதாரண லேப்டாப்பில் ஓடும். வாய்க்கால் வளைவு, மடை, தூண் என்று ஓட்டமே சிக்கலாக இருந்தால் ஓப்பன்ஃபோம், அதில் துகளைத் தொடரும் பகுதியும் இருக்கிறது, இலவசம். துகள்கள் மோதுவது, உருள்வது, குவிவது முக்கியம் என்றால் லாம்ப்ஸ் (LAMMPS), அதுவும் இலவசம். எதை எடுத்தாலும் இன்புட் ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு விசைக்கும் பக்கத்தில், இது ஏன் இருக்கிறது அல்லது ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதி வையுங்கள், வைவாவில் கேட்பது அதைத்தான்.